வலப்பக்க ஜன்னல்

ரெட்டியார்பாளையத்தில் அந்தக் காருக்கு இடக்கை வண்டி என்று பெயர். ஓட்டுகிறவர் இடதுபக்கம் உட்கார்ந்து ஓட்டும் பிரெஞ்சுக் கார். புதுச்சேரியில் வாத்தியாராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது அதை ஒகுஸ்திடம் விற்றுவிட்டுப் போனார். எழுபத்திரண்டாம் வருஷம் அது. ஒகுஸ்த் பிரெஞ்சுப் பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். சைகோன், அல்ஜேரியா, கடைசியில் பிரான்சிலேயே சில வருஷம் என்று ஆயுளில் பாதியை இடதுபக்க சீட்டில் கழித்துவிட்டு, பென்ஷனோடு வந்திருந்தார். இங்கே ஓடும் கார் ஒன்றில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார். சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரப் போட்டுக்கொண்டது மாதிரி இருக்கிறது என்று சொல்லி இறங்கிவிட்டார்.

அவர் இடதுபக்கம் உட்கார்ந்ததால் அவர் மனைவி ஜெயம் வலதுபக்கம் உட்கார வேண்டியதாயிற்று.

கார் வந்த முதல் வாரம், டவுனுக்குப் போகும்போது ஜெயம் கமலாப்பழம் உரித்துத் தின்றுகொண்டு போனாள். தோலை ஜன்னலுக்கு வெளியே போட்டாள். நெல்லித்தோப்பு தாண்டியதும் பின்னால் வந்த விழுப்புரம் பஸ் அவள் பக்கத்தில் வந்து உறுமியது. டிரைவர் குனிந்து பார்த்து, "ஏம்மா, ரைட்ல கைய நீட்டிட்டு நேரா போய்க்கினே இருந்தா நான் இன்னான்னு நெனைக்கிறது?" என்றான். அதன் பிறகுதான் அவள் முன்னால் ஸ்டியரிங் இல்லாததைக் கவனித்தான். திறந்த வாயை மூடாமலே பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த நாளில் பின்விளக்கைப் பார்த்து வண்டி ஓட்டியவர்கள் குறைவு. பாதி வண்டிகளில் விளக்கு இருக்காது. இருக்கிறவற்றில் பல்பு போயிருக்கும். போகாமல் எரிந்தாலும் வெயிலில் தெரியாது. பின்னால் வருகிறவன் கண் எப்போதும் முன்வண்டியின் வலப்பக்க ஜன்னலில்தான் இருக்கும். அங்கிருந்து ஒரு கை வந்து, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் அசைந்தால் வண்டி வேகம் குறைகிறது. கை நேராக நீண்டால் வலதுபக்கம் திரும்புகிறது. அது டிரைவரின் கையா, கமலாப்பழம் தின்கிறவளின் கையா என்று யார் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்?

ஒகுஸ்த் இரண்டு நாள் யோசித்தார். "நான் கைய காட்டுனா சாக்கடைதான் பாக்கும். நீதான் காட்டணும்" என்றார்.

பிரெஞ்சில் கைக்கு மேன் என்று பெயர். பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் அவர் "மேன்" என்பார். ஜெயம் கையை வெளியே நீட்டி அசைப்பாள். அவள் ரெட்டியார்பாளையத்துக் கோயில் பள்ளியில் படித்தவள், பிரெஞ்சில் பூசைக்கு வேண்டியது தவிர வேறு எதுவும் தெரியாது. இந்த ஒரு சொல் மட்டும் எலும்பில் இறங்கிவிட்டது. கடைத்தெருவில் யாராவது அந்த ஓசை வருகிற மாதிரி எதையாவது சொன்னால்கூட அவள் வலது தோள் துள்ளும்.

ரோடு முழுக்க அவளுக்குப் பழக்கமாயிற்று. கண்ணாடி வளையல் போட்ட கை கீழே அமுங்கினால் ரிக்ஷாக்காரர்கள் பெடலை நிறுத்திக்கொண்டார்கள். வாசலுக்கு எதிர்மரத்தடியில் ரிக்ஷா போடும் ஆதிமூலம், சவாரி ஏறுகிறவர்களிடமெல்லாம் அந்தக் காரைக் காட்டி, "முசே ஓட்டுவாரு. ஆனா அம்மா சொன்னாத்தான் நிக்கும்" என்பான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. ஒகுஸ்த் காதில் விழும்படி சொல்வதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

அவர்களுக்கு ஒரே பிள்ளை. ஜான்-பத்திஸ்த் என்று ஞானஸ்நானப் பெயர், வீட்டில் ஜானு. அவனைப் பட்டாளத்தில் சேர்த்துவிட வேண்டும் என்பது ஒகுஸ்தின் ஆசை. பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது, உடம்பு இருக்கிறது, அப்பன் பெயர் அங்கே காகிதங்களில் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? ஜானுவுக்கு அதில் மனசு இல்லை. இல்லை என்று நேரே சொல்லவும் மாட்டான். ஒருநாள் காரில் போகும்போது ஒகுஸ்த், பட்டாளத்தில் சேரும் படிவத்தை எப்போது பூர்த்தி செய்யப் போகிறாய் என்று கேட்டார். பின்சீட்டிலிருந்து ஜானு, "தெமேன், பப்பா" என்றான். தெமேன் என்றால் நாளைக்கு. ஜெயத்துக்கு அதில் பின்பாதிதான் காதில் விழுந்தது. கை தானாக வெளியே போயிற்று. பின்னால் வந்த ஆதிமூலம் ரிக்ஷாவை இழுத்துப் பிடித்ததில் சவாரி வந்த பெண்பிள்ளையின் கத்தரிக்காய்ப் பை ரோட்டில் உருண்டது. ஆதிமூலம் வைத வசவில் ஜானு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கடைசியில் ஒகுஸ்தும் சிரித்துவிட்டார். அவர்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது என்று நினைத்தால் ஜெயத்துக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

பிறகு அந்த தெமேன் நாளாக நாளாகச் சிரிப்பாக இல்லை. ஜானு மில் ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். சேர்ந்த பிறகுதான் வீட்டில் சொன்னான். அதோடு அப்பனும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவது நின்றது. எல்லாம் ஜெயம் வழியாகத்தான். "அவன்கிட்ட சொல்லு" என்பார் அவர். "பப்பாகிட்ட சொல்லும்மா" என்பான் இவன். பத்து அடி தூரத்தில் ஒருவர் சொன்னது இன்னொருவர் காதில் விழுந்துதான் இருக்கும்; ஆனாலும் அவள் போய்ச் சொல்ல வேண்டும். அவள் இரண்டு பக்கமும் காரத்தைக் குறைத்துத்தான் பரிமாறினாள். 'துரைக்கு எப்ப ஒழியுமாம்' என்று அவர் கேட்டால், 'உனக்கு எப்ப நேரம் கிடைக்கும்னு பப்பா கேக்குறாரு' என்று போய்ச் சேரும்.

எண்பதாம் வருஷம் வெயில் காலத்தில் காரின் பிரேக் விளக்கு கெட்டது. எரியாமல் கெடவில்லை, அணையாமல் கெட்டது. பிரேக்கை மிதித்தால் விளக்கை எரிய வைக்கும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கிறது. அது ஒட்டிக்கொண்டுவிட்டது. சாவியைத் திருப்பினால் பின்னால் இரண்டு சிவப்பும் எரியும், சாவியை எடுக்கும் வரை எரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சுவிட்ச் இங்கே கிடைக்காது. ஒகுஸ்த் பிரான்சில், தூலோனில் இருந்த சிநேகிதருக்கு எழுதினார். கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது, சுவிட்ச் வரவில்லை. ஆதிமூலத்துக்குப் புதிதாக ஒன்று கிடைத்துவிட்டது. "முசே, பின்னால ரெண்டு அடுப்பு சும்மா எரியுது. ஒலை வச்சா சோறாவது வெந்துடும்" என்பான்.

முதலில் சில நாள் பின்னால் வந்தவர்கள் தடுமாறினார்கள். அந்த விளக்கு பொய் சொல்லுகிறது என்று தெரிந்ததும் அதைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஜெயத்தின் கை ஒன்றுதான் மிச்சம்.

ஜானு மற்ற எல்லோரையும்விட அந்தக் கையை நன்றாகப் படித்தவன். அப்பாவோடு ஒரே காரில் வருவதை நிறுத்தியிருந்தான். எங்கேயாவது சேர்ந்து போக வேண்டியிருந்தால் காருக்குப் பின்னால் கொஞ்சம் வலதுபக்கமாக மொபெட்டில் வருவான். காற்று அடிக்காமல் இருக்கும் என்று ஒட்டியே வருவான். இரண்டு விரலைக் காட்டினால் அவன் முன்னால் போய் கேட்டைத் திறக்க வேண்டும். விரல்களைக் குவித்துக் காட்டினால் சாப்பிட்டாயா என்று அர்த்தம். அவன் ஒரு தடவை ஹார்ன் அடித்தால் ஆயிற்று, இரண்டு தடவை என்றால் இல்லை. ஒகுஸ்துக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்தும் தெரியாதவர் போல இருந்தாரோ என்னவோ.

எண்பத்தொன்று பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, நெல்லித்தோப்பில் மோட்டார் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த கன்னியப்பன் ஏதோ ஒரு உள்ளூர் காரின் சுவிட்சை வாங்கி, மரையை அரத்தால் ராவி, எப்படியோ அதில் பொருத்திவிட்டான். பத்து மாதத்துக்குப் பிறகு சாவியைத் திருப்பியும் விளக்கு எரியவில்லை. ஒகுஸ்த் பிரேக்கை மிதித்தார். எரிந்தது. காலை எடுத்தார், அணைந்தது. கன்னியப்பன் கையைத் துடைத்துக்கொண்டே, "இனிமே ஆட்டமேட்டிக், முசே. கால வச்சா எரியும், எடுத்தா அணையும். அம்மா கைய மடியில வச்சிக்கினு ஜம்முனு வரலாம்" என்றான்.

ஒகுஸ்துக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிநாட்டில் எந்தப் பெண்பிள்ளை ஜன்னலுக்கு வெளியே கையை ஆட்டிக்கொண்டு போகிறாள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். ஜெயம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பூ வைத்துப் பழகிய தலையில் பூ இல்லாத மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம்தான் ஒகுஸ்த் அந்தப் படிவத்தைத் தேடி எடுத்தார். கூடத்து மேசை மேல், ஜானுவின் மில் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. ஒரு எழுத்தும் நிரப்பப்படவில்லை. பெயர் எழுத வேண்டிய இடத்தில் டீ கிளாஸ் வைத்து எடுத்த வட்டம். அவர் கத்தவில்லை. தோட்டத்துக்குப் போய் காரைத் துணியால் துடைத்தார், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். அப்புறம் ஜெயத்தைக் கூப்பிட்டார். காரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவன்கிட்ட சொல்லு. லைட் சரியாயிடுச்சி. நாளையிலேருந்து கை கெடையாது, லைட்டப் பாத்து ஓட்டணும். இன்னொன்னும் சொல்லு. மாசக் கடைசிக்குள்ள கையெழுத்துப் போடலன்னா இந்த வீட்டுல அவனுக்கு சோறு கெடையாது."

இரண்டும் ஒரே மூச்சில் வந்தன.

ஜெயம் உள்ளே போனாள். ஜானு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கெண்டை மீன் குழம்பு அவனுக்குப் பிடிக்கும் என்று அன்று வைத்திருந்தாள். அவன் தலையைத் தூக்காமல், "இன்னாவாம்?" என்று கேட்டான். சோறு தின்கிற பிள்ளையிடம் சோறு கிடையாது என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. அந்தப் பேச்சை விழுங்கினாள். விழுங்கும்போது அதோடு ஒட்டிக்கொண்டிருந்த இன்னொன்றும் உள்ளே போய்விட்டது. "ஒண்ணும் இல்ல. சாப்புடு" என்றாள்.

காலையில் விளக்கு சமாச்சாரத்தை மட்டும் சொல்லிவிடலாம் என்று படுத்தாள்.

காலை, காலாப்பட்டில் ஒகுஸ்தின் ஒன்றுவிட்ட தங்கை மகளுக்குப் புது நன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்குகிற பிள்ளைக்குச் செய்கிற சீர் எல்லாம் இவர்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். தவலை, தாம்பாளம், பலகாரக் கூடை என்று பின்சீட்டு நிறைந்துவிட்டது. ஜானு விடியும் முன்பே மாலை வாங்க மார்க்கெட்டுக்குப் போயிருந்தான். அப்படியே முத்தியால்பேட்டையில் வந்து சேர்ந்துகொள்வதாகப் பேச்சு.

வழியில் ஒரு மாட்டு வண்டிக்காக கார் தயங்கியபோது ஜெயத்தின் கை பழக்கத்தில் வெளியே போயிற்று. "கைய உள்ள வை. லைட் இருக்குது" என்றார் ஒகுஸ்த். உள்ளே வைத்தாள். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு பக்கத்தில் பின்னால் ஹார்ன் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். ஜானு மொபெட் ஹாண்டிலில் மாலைப் பொட்டலத்தை மாட்டிக்கொண்டு வந்தான். சிரித்தான். அவள் விரல்களைக் குவித்துக் காட்டினாள். ஹார்ன் ஒருமுறை அடித்தது. சாப்பிட்டுவிட்டான். சொல்ல வேண்டியது இருக்கிறது என்று அப்போது அவளுக்கு நினைவு வந்தது. காரை நிறுத்தச் சொன்னால் ஏன் என்று கேட்பார், நேற்றே சொல்லவில்லையா என்று கேட்பார். காலாப்பட்டில் இறங்கியதும் சொல்லிக்கொள்ளலாம்.

பொம்மையார்பாளையம் தாண்டி மரக்காணம் ரோட்டில் வலதுபக்கம் கடல் மேல் வெயில் ஏறியிருந்தது. ரோட்டோரத்தில் வலை காயப் போட்டிருந்தார்கள். வலைக்குப் பின்னாலிருந்து ஒரு ஆடு வந்தது, அதன் பின்னால் இரண்டு குட்டிகள். ஒகுஸ்த் பிரேக்கை அழுத்தினார். வாயைத் திறக்கவில்லை. ஜெயத்தின் கை மடியில் இருந்த தேங்காய்ப் பையைப் பிடித்துக்கொண்டது.

காரின் பின்மூலையில் டப்பாவைத் தட்டியது போல ஒரு சத்தம். அவ்வளவுதான். மொபெட் வலதுபக்கமாகச் சரிந்து அவள் ஜன்னலைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. எதிரே சவுக்குக் கட்டை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவர் மேல் தப்பு இல்லை, அவன் தன் பாதையில்தான் வந்தான். அதற்குப் பிறகு நடந்ததில் ஜெயத்துக்கு நினைவில் தங்கியது ரோட்டில் பிரிந்து கிடந்த சம்பங்கி மாலை. அதை யாரும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு ஓடினார்கள்.

போலீஸ்காரர் ஒருவர் மறுநாள் வந்து காரைப் பார்த்தார். சாவியைத் திருப்பி பிரேக்கை மிதிக்கச் சொல்லி, பின்னால் நின்று, காக்கித் தொப்பியால் வெயிலை மறைத்துப் பார்த்தார். விளக்கு எரிகிறது என்று எழுதிக்கொண்டார். முன்வண்டியில் குறை இல்லை, பின்னால் வந்தவர் கவனிக்கவில்லை என்று காகிதம் முடிந்தது. அதில் பொய் எதுவும் இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் ஒகுஸ்த் ஒரே வாக்கியத்தைச் சொன்னார். "லைட் சரியாயிடுச்சின்னு சொல்லி அனுப்பினேன். கேக்கல." முப்பதாம் நாள் பூசையில் சாமியாரிடம் அதையே சொன்னார். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு நிற்கும்போது பக்கத்துக் கல்லறைக்காரர்கள் வந்து பேசினால் அவர்களிடமும். பக்கத்து வீட்டு ராஜாம்பாள் ஒருமுறை, வயசுப் பிள்ளைங்க எங்க கேக்குது என்று ஆறுதலாகச் சொன்னாள். ஜெயம் எழுந்து உள்ளே போய், காய்ந்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள்.

அவன் கேட்காத பிள்ளை இல்லை. அவன் காதுக்குப் போகவில்லை. அதைச் சொல்ல உலகத்தில் ஒரு ஆள்தான் இருந்தாள். ஒவ்வொரு முறை ஒகுஸ்த் அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதும் மண்ணுக்குள் இருக்கிற பிள்ளை மேல் இன்னும் ஒரு கூடை மண் விழுவது போல அவளுக்கு இருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் எழுந்த நாட்கள் உண்டு. வாய் வரைக்கும் வந்து நின்றுவிடும். சொன்னால் அவர், நீதான் கொன்றாய் என்பார் என்ற பயம் முதல் வருஷம் இருந்தது. பிறகு அந்தப் பயம் போய், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பார் என்ற பயம் வந்தது. இது ஒவ்வொரு வருஷமும் வளர்ந்தது. அவர் அவளிடம் கோபமாகப் பேசியதே இல்லை. ஜானு போன பிறகு அவர் பேசியதே குறைவு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். உப்பு இல்லையா, குழம்பு நீர்த்துவிட்டதா என்று முதலில் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் பாதி அரிசி போடக் கற்றுக்கொண்டாள்.

காரை அவர் அதற்குப் பிறகு தொடவில்லை. கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடிக் கிடந்தது.

ஆறு வருஷம் கழித்து, எண்பத்தேழில், கன்னியப்பன் ஒரு சேதியோடு வந்தான். சினிமாக்காரர்களுக்குப் பழைய கார்களை வாடகைக்கு விடுகிற மெட்ராஸ் ஆள் ஒருவன், இடதுபக்கம் ஓட்டுகிற வண்டி தேடுகிறான், திங்கட்கிழமை வந்து பார்ப்பான். ஒகுஸ்த் சரி என்றார். கன்னியப்பன் பாட்டரி மாற்றி, கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, ஒரு முழு நாள் பாடுபட்டு இன்ஜினை ஓட வைத்தான். விளக்கையெல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள் முசே என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஒகுஸ்த் காரைக் கொட்டகையிலிருந்து தோட்டத்துக்கு நகர்த்தினார். பத்து அடிதான். சட்டை நனைந்துவிட்டது. "ஜெயம், பின்னால போய் நில்லு. எரியுதான்னு சொல்லு" என்றார்.

ஜெயம் பின்னால் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தக் காருக்குப் பின்னால் அவள் நின்றதில்லை. அவள் இடம் எப்போதும் ஜன்னல். கொஞ்சம் வலதுபக்கமாக நகர்ந்தாள். ஜானு வருகிற இடம் இதுவாகத்தான் இருக்கும். இங்கிருந்து பார்த்தால் அவள் சீட்டு தெரிந்தது, ஜன்னல் கட்டை தெரிந்தது, வெளுத்துப்போன அந்த ஜன்னல் கட்டையில் அவள் வளையல் உரசி உரசிப் பெயின்ட் போன இடம்கூடத் தெரிந்தது. பத்து மணி வெயில் சிவப்புக் கண்ணாடி மேல் நேராக விழுந்தது.

"எரியுதா?"

அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடி சிவப்பாக மினுங்கியது. அது வெயிலா விளக்கா?

"தெரியலங்க."

"இன்னா தெரியல? கால அழுத்திக்கினு இருக்கேன்."

அவள் குனிந்து, வலது கையைக் குடையாக்கிக் கண்ணாடி மேல் வைத்து மறைத்தாள். உள்ளங்கை நிழலுக்குள் பல்பின் சிவப்பு தெரிந்தது. கையை எடுத்தாள். போய்விட்டது. மறுபடி வைத்தாள். தொப்பியால் மறைத்துப் பார்த்த போலீஸ்காரர் நினைவுக்கு வந்தார். மொபெட்டில் வருகிறவனுக்கு யார் தொப்பி பிடிப்பார்கள்? சொல்லியிருந்தாலும் இந்த வெயிலில் அவனுக்குத் தெரிந்திருக்குமா என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு தப்பித்துவிடலாம் போல இருந்தது. ஆனால் சொல்லியிருந்தால் அவன் கொஞ்சம் தள்ளியாவது வந்திருப்பான்.

"எரியுது" என்றாள். "கைய வச்சி மறைச்சாத்தான் தெரியுது."

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் முதுகும் பிடரியும் பின்கண்ணாடி வழியாகத் தெரிந்தன. முகம் தெரியாதது அவளுக்கு வசதியாக இருந்தது.

"நான் அவன்கிட்ட சொல்லல" என்றாள்.

"இன்னாது?"

"லைட் சரியானத. சொல்லச் சொன்னீங்க. நான் சொல்லல. அவன் என் கையத்தான் பாத்துக்கினு வந்திருப்பான்."

சொல்லிவிட்டு காரின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூலையில் தகரம் இன்னும் உள்வாங்கியிருந்தது, அதை யாரும் தட்டி எடுக்கவில்லை. அவர் கதவைத் திறந்துகொண்டு இறங்குவார் என்று காத்திருந்தாள். இறங்கவில்லை. அவர் கால் பிரேக்கிலேயே இருந்தது. அவள் கை நிழலில் அந்தச் சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

அவர் திரும்பாமலே கேட்டார்.

"ஒண்ணுமே சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

"அந்த சோத்துப் பேச்சு?"

ஜெயத்துக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது, பாதித் தட்டில் எழுந்துபோன ஆறு வருஷமும் அவள் முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவர் பிள்ளை மேல் கோபத்தில் இருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரோ, சோறு கிடையாது என்ற சொல்லைக் கேட்டுவிட்டு, அதை மனசில் வைத்துக்கொண்டு, விளக்கைப் பார்க்காமல் வந்து முட்டினான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கேக்கல, கேக்கல என்று ஊருக்கெல்லாம் சொன்னது, அந்தச் சொல்லை அவன் கேட்டுவிட்டான் என்று தான் நம்பியதை மூடத்தான்.

"அதுவும் சொல்லல" என்றாள். "சாப்புடுன்னு மட்டும்தான் சொன்னேன்."

"சாப்ட்டானா?"

"சாப்ட்டான். மீன் இன்னொரு துண்டு இருக்கான்னு கேட்டு வாங்கிச் சாப்ட்டான்."

விளக்கு அணைந்தது. எரிந்தது. மறுபடி அணைந்து, எரிந்து, நடுங்கியது. கன்னியப்பன் ஒயரைச் சரியாக முறுக்கவில்லையோ என்று அவள் இன்னும் குனிந்து பார்த்தாள். பிறகு புரிந்தது. அவர் கால் ஆடிக்கொண்டிருந்தது. முதுகு அசையவில்லை, சத்தம் இல்லை. அந்தக் கால் மட்டும் பெடல் மேல் நிற்க மாட்டாமல் ஆடியது. அது எரிவதையும் அணைவதையும் கையால் மூடி வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்ஜின் நின்றது. தோட்டத்தில் அணில் சத்தம் கேட்டது. எதிரே ஆதிமூலம் யாரிடமோ சவாரி பேசிக்கொண்டிருந்தான்.

"மேன்" என்றார் ஒகுஸ்த்.

அவள் வலது கை பழக்கத்தில் எழுந்து, காற்றில் நின்றது. அவள் இருந்தது ஜன்னலில் இல்லை, யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதும் இல்லை. அப்போது காரின் இடதுபக்க ஜன்னலிலிருந்து அவர் கை வெளியே வந்தது. பதினைந்து வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை வந்து அவள் பார்த்ததில்லை. வேகத்தைக் குறைக்கச் சொல்வது போலவும் இல்லை, திரும்புவது போலவும் இல்லை. விரல் விரிந்து, உள்ளங்கை மேலே பார்க்க, சும்மா நீண்டிருந்தது.

ஜெயம் காரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.